பஞ்சாங்கமும் ஒரு மைக்கும்

நாகஸ்வரக் கலைஞர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முதலில் வாங்க வேண்டியது பஞ்சாங்கம். கேமரா அப்புறம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசைகட்டும். பங்குனியில் கோயில் திருவிழாக்கள். சித்திரை, வைகாசியில் கல்யாணமும் திருவிழாவும் சேர்ந்துகொண்டு காவிரிப் படுகை மேளக்காரர்களை மூச்சுவிட விடாது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில்கள் கூப்பிடும். புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் விடியுமுன் கோயில் வாசிப்பு. இதையெல்லாம் பார்க்காமல், வேலையிலிருந்து ஒரு வாரம் லீவு கிடைத்ததே என்று கும்பகோணத்துக்கு பஸ் ஏறும் குழுவுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்: வாசிப்பே இல்லாத கலைஞர், அல்லது பேசவே நேரமில்லாத கலைஞர். முகூர்த்த நாள்களில் வாசிப்பையும் வெறும் நாள்களில் பேச்சையும் சாதகத்தையும் எடுப்பது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வளர்ந்துவரும் கலைஞர் என்று இங்கே சொல்வது மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ திருவையாறு இசைக் கல்லூரியிலோ படித்தவரை, அல்லது அப்பாவிடமோ மாமாவிடமோ வீட்டிலேயே கற்றவரை. சில ஆண்டுகள் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் இரண்டாவது நாகஸ்வரமாக வாசித்துவிட்டு, இப்போது தன் பெயரில் ஒரு செட் கட்டத் தொடங்கியிருப்பார். நோட்டீஸில் பெயர் வருகிறது, ஆனால் எழுத்து இன்னும் சின்னதாக இருக்கிறது. கலையே முழுநேரப் பிழைப்பாகுமா, கோயில் வேலை கிடைக்குமா, இல்லை வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டு முகூர்த்தத்துக்கு மட்டும் வாசிப்பாரா என்பது அவருக்கே தெரியாத கட்டம் அது. படத்துக்குக் கதை வேண்டும் என்று தேடிப் போக வேண்டியதில்லை. அந்தத் தெரியாமையே கதை.

பெயர் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. சத்யஜித் ராய், பாலசரஸ்வதியின் நடனத்தைத் தன் பதின்ம வயதில் கல்கத்தாவில் பார்த்தவர். அவரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தது 1976-இல். அப்போது பாலசரஸ்வதிக்கு 58 வயது. கடற்கரைக் காற்றில் புடவை படபடக்க அவர் ஆடும் காட்சி இன்றும் பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது. என்றாலும் ராய் சிறுவயதில் பார்த்த அந்தப் பெண் அந்தப் படத்தில் இல்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கதை இன்னும் கடினமானது. அவர் 1975-இல் காலமானார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றது. நேரில் போய்ப் படம்பிடிக்க வழியே இல்லாத ஒருவரை, கேட்டவர்களின் நினைவையும் மிஞ்சிய ஒலிப்பதிவையும் கொண்டு கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இளம் கலைஞரைப் படமெடுப்பவருக்கு இந்தச் சிரமம் இல்லை. ஆள் இருக்கிறார், பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். குறைந்த செலவில் எடுப்பவரிடம் உள்ள பெரிய சொத்து இதுதான். பெரிய நிறுவனம் மூன்று நாளில் முடித்தாக வேண்டியதை அவர் ஒரு முழு சீசனுக்கு நீட்டலாம்.

செலவைப் பற்றி ஒரே ஒரு கொள்கை போதும்: காசு ஒலிக்குப் போகட்டும். கையில் 50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பலர் அதில் பெரும்பங்கைக் கேமரா வாடகையில் கரைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. நல்ல கைபேசி ஒன்றே போதும். ‘பிளாக்மேஜிக் கேமரா’ போன்ற இலவசச் செயலியைப் போட்டால் ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் கைக்கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ படத்தை எடுத்த மாலிக் பெந்ஜெலூல், சூப்பர் 8 ஃபிலிமுக்குப் பணம் தீர்ந்துபோய், மிச்சத்தில் சில காட்சிகளைக் கைபேசியில் மலிவான செயலி ஒன்றைக் கொண்டு எடுத்தார். அந்தப் படம் 2013-இல் ஆஸ்கர் வாங்கியது. அதன் நாயகனான பாடகர் ரோட்ரிகஸின் பாட்டு கரகரவென்று கேட்டிருந்தால் அந்தப் படத்தை யாரும் கடைசிவரை பார்த்திருக்க மாட்டார்கள். இசைஞரைப் பற்றிய படத்தில் மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், உடைந்த ஒலியைப் பொறுக்க மாட்டார்.

நாகஸ்வரம் மைக்குகளுக்குப் பெரிய சோதனை. மேடையே இல்லாத காலத்தில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று பிறந்த வாத்தியம் அது. பேட்டிக்காகச் சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கைக் கழற்றாமல் வாசிக்கச் சொன்னால், முதல் பிடியிலேயே ஒலி நொறுங்கிவிடும். வாத்தியத்தின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேர் எதிரே மைக்கை நீட்டுவதும் தவறு. ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. நேர் எதிரே வைத்தால் கூர்மை மட்டும் ஏறி, குழைவு காணாமல் போய்விடும். ஒன்றரை மீட்டர் தள்ளி, வாசிப்பவரின் தலைக்குச் சற்று மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்படி மைக்கைப் பிடித்தால் இரண்டும் கலந்து கிடைக்கும். தவிலுக்கு வேறு கணக்கு. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் பேசும், தொப்பியில் கழி பேசும். ஒரு பக்கம் மட்டும் மைக் வைத்தால் பாதித் தவில்தான் பதிவாகும். இரண்டாவது மைக்குக்கு வழியில்லை என்றால், தவில்காரருக்கு எதிரே நடுவாக இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதே நல்லது.

வாடகைக்கு எடுக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது 32-பிட் ஃபுளோட்டில் பதியும் சிறிய ரெக்கார்டர். சாதாரண ரெக்கார்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலுக்குள் நிற்கும்படி முன்கூட்டியே அளவு வைக்க வேண்டும். ஆனால் தவில்காரர் தனி தொடங்கியதும் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்? ஃபுளோட்டில் பதிந்தால் எகிறிய இடத்தைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறிவிட்டால் ரெக்கார்டர் காப்பாற்றாது. ஆகவே தூரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. திருவிழாக்களில் இன்னொரு உபாயம் உண்டு. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முன்பே பேசி, அவருடைய மிக்ஸரிலிருந்து ஒரு வயரை ரெக்கார்டருக்கு இழுத்துக்கொள்வது. குழாய் ஸ்பீக்கரின் கத்தலும் ஜெனரேட்டரின் உறுமலும் இல்லாத ஒலி கிடைக்கும். அதை மட்டும் பயன்படுத்தினால் ஏதோ பாதாளக் கிணற்றில் வாசித்தது போலிருக்கும் என்பதால், வீதியின் இரைச்சலோடு தனியாகப் பதிந்ததையும் கொஞ்சம் கலக்க வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுக்கும் செலவைப் பட்ஜெட்டில் எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

தனியாகப் பதிந்த ஒலியைக் காட்சியோடு சேர்க்க, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன் ஒரு கைதட்டு வேண்டும். மறந்துவிட்டால் தவிலின் முதல் அடி உதவும். கேமரா வீதிக்கோடியில் நிற்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒலி ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு அடி விழுந்ததன் ஓசை பத்தில் ஒரு வினாடி தாமதமாகப் போய்ச்சேரும். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது இரண்டரை ஃபிரேம். கழி தொப்பியில் படுவதும் ஓசை கேட்பதும் பொருந்தவில்லை என்று எடிட்டில் தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை மறந்தவர்கள்.

காட்சி விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் டியூப்லைட் பெரும்பாலும் துடிக்காது. சீரியல் செட் விளக்குகள் என்ன செய்தாலும் கொஞ்சம் துடிக்கும், விட்டுவிடலாம். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைக்காமல் கச்சேரி எடுக்கக் கூடாது. வாசிப்பின் நடுவில் கடன் வேண்டுமா என்று கேட்டு ஓர் அழைப்பு வரும்.

கோயிலுக்குள் எடுப்பது தனிப் பிரச்சினை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. அதற்கு முன்பும் பெரிய கோயில்களின் உள்ளே படமெடுக்க அனுமதி எளிதில் கிடைத்ததில்லை. எழுத்தில் அனுமதி வாங்க முடியாத குழு வாசலுக்கு வெளியே காத்திருப்பது மேல். அதில் பெரிய இழப்பும் இல்லை. சாமி வெளியே வரும்போதுதான் மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியமே இல்லாமல், நடைக்கேற்ற தாளத்தில் வாசிக்கப்படும் அது நடந்துகொண்டே கேட்பதற்கான இசை. வீதி உலாவில் ஒலிப்பதிவாளர் பின்னோக்கி நடக்கப் பழகியிருக்க வேண்டும், அவருடைய தோளைப் பிடித்து இழுத்துச் செல்ல உள்ளூர்ப் பையன் ஒருவன் வேண்டும்.

வாசிப்பை ஒரே கேமராவால் எடுப்பவர்கள் செய்யும் பொதுவான தவறு ஒன்றுண்டு. முதலில் தூரத்திலிருந்து முழுவதையும் எடுத்துவிட்டு, “அண்ணே, இன்னொரு தரம் வாசிங்க, விரலை மட்டும் எடுத்துக்கிறோம்” என்று கேட்பது. கீர்த்தனையின் பல்லவி என்றால் ஓரளவு பொருந்தும். ராக ஆலாபனை இரண்டாம் முறை அதே வழியில் போகாது. போனால் அது ஆலாபனையே அல்ல. தோடியில் ஒரு பிடி கேட்கும்போது திரையில் விரல்கள் வேறெங்கோ இருந்தால், சாதாரண ரசிகர் கவனிக்காவிட்டாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் கவனித்துவிடுவார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்குச் சிவாஜி கணேசன் கன்னத்தை உப்பி விரலசைத்தது நடிப்பின் வெற்றி. ஆவணப்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கைந்து நிமிடம் வெட்டாமல் ஒரே ஷாட்டாக விட்டுவிடுவதே நேர்மையான வழி, செலவில்லாத வழியும்கூட. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வாசிக்காதவர்களைக் காட்டலாம்: தாளம் போடும் பையன், தன் முறைக்குக் காத்திருக்கும் தவில்காரரின் முகம், ஒத்து ஊதுபவர் இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி.

இந்தக் கலைஞர்களின் வாழ்க்கை அதிகம் தெரிவது கச்சேரி மேடையில் அல்ல, கல்யாண மண்டபத்தில். அங்கே நாகஸ்வரத்தை யாரும் கேட்பதில்லை, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். செட்டுக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் வாசல் ஓரம் அல்லது மேடையின் மூலை. நல்ல கரகரப்பிரியா ஒன்று விரிந்துகொண்டிருக்கும்போதே புரோகிதர் விரலை ஆட்டுவார், கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும். ராகம் அப்படியே அறுந்துபோகும். அந்த அறுபடும் கணம் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மாலை ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு கேட்பார்கள், சில இடங்களில் செண்டை மேளம் வந்து செட்டின் இடத்தையே எடுத்துக்கொள்ளும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மேடையில் உட்கார்ந்து வாசிப்பதையும் சட்டை போட்டுக்கொள்வதையும் உரிமையாக நிலைநாட்டியவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர் பெற்ற மரியாதை இன்றைய இளைஞருக்கு மண்டபத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வசனம் இல்லாமலே கேமரா காட்டிவிடும். சாதி பற்றிய கேள்வியும் இங்கேதான் எழும். இசை வேளாளர், மருத்துவர் சமூகங்களின் பிழைப்பாக இருந்த கலை, ஷேக் சின்ன மௌலானா போன்ற இஸ்லாமியக் கலைஞர்களிடமும் செழித்த கலை. யார் எங்கே சாப்பிட உட்கார்கிறார்கள், எந்தப் பந்தியில் உட்கார்கிறார்கள் என்பதைப் பார்த்தால் பல பேட்டிகளின் வேலை மிச்சம்.

பேட்டியில், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் பயோடேட்டா வரும். தாத்தா காலம் தொட்டு இந்தத் தொழில், ஐந்து வயதில் ஆரம்பித்தேன், அம்பாள் அருள். எல்லாம் உண்மைதான், எதுவும் நினைவில் நிற்காது. பொருளைப் பற்றிக் கேட்டால் மனிதர் பேசுவார். இந்த நாகஸ்வரம் எங்கே வாங்கியது? நரசிங்கம்பேட்டை என்றால், யாரிடம், எவ்வளவுக்கு, காசு எங்கிருந்து வந்தது? அந்த ஊர் ஆச்சா மரத்தில், அதுவும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தில், நாகஸ்வரம் கடைந்து வருகிறது. 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காக அங்கிருந்த ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைத் திருத்தியமைத்த பிறகே குட்டையான திமிரியின் இடத்தைப் பாரி பிடித்தது. கலைஞரோடு அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் போய்வந்தால் சரித்திரத்தைச் சொல்லத் தனிக் குரல் வேண்டியதில்லை. சீவாளியும் அப்படித்தான். கொறுக்கை நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டுகள் நூலில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கும். வாசிக்கும் முன் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து நனைத்து, ஊசியால் நெம்பி, பீப் என்று ஒரு சத்தம் எழுப்பிப் பார்த்து, சரியில்லை என்று அடுத்ததை எடுப்பார். முழு கவனமும் அதில் இருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் நெருக்கக் காட்சிக்கு ஈடாகப் பேட்டியில் எதுவும் வராது.

பேட்டிக்கு முன் மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜையும். கிளம்பும்போது மறக்காமல் அதைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். பால் திரிந்துபோன வீட்டில் அடுத்த வாரம் கதவு திறக்காது. யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்வதும் நல்லது. எடிட்டில் பேச்சை வெட்டும் இடங்களை ஒட்ட அதுதான் பசை.

பணம் கொடுப்பது பற்றி ஆவணப்பட உலகில் வாதங்கள் உண்டு. பேட்டிக்குக் காசு கொடுத்தால் பேச்சு மாறும் என்பது ஒரு பக்கம். அது இருக்கட்டும். கேமராவுக்கென்றே தனியாக ஒரு வாசிப்பு ஏற்பாடு செய்தால், அது கச்சேரிதான். நாகஸ்வரத்துக்கு மட்டுமல்ல, தவிலுக்கும் தாளத்துக்கும் வழக்கமான சன்மானமும் பயணச் செலவும் கொடுத்தாக வேண்டும். ‘உங்களுக்கு விளம்பரம் ஆகும்’ என்ற சொல்லை இளம் கலைஞர்கள் ஏற்கெனவே நிறைய மண்டபங்களில் கேட்டிருக்கிறார்கள்.

பாட்டு உரிமை என்றதும் பயப்படத் தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1847-இல் மறைந்த தியாகராஜர், 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆகியோரின் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் 2033 முடியும்வரை உரிமைக்குட்பட்டவை. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால், ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகள் இப்போது பொதுச் சொத்து. ரிசப்ஷனில் வாசித்த சினிமாப் பாட்டு யூடியூபில் ஏறினால், விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும் அல்லது படமே முடங்கும். மல்லாரியில் இந்தத் தொல்லை இல்லை. இவை தவிர, வாசித்த ஒவ்வொருவருக்கும் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு. அதனால் தாளக்காரப் பையன் உட்பட எல்லோரிடமும் தமிழில் எழுதிய ஒரு பக்க ஒப்புதலில் கையெழுத்து வாங்க வேண்டும். பையன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம்.

ஒவ்வொரு நாள் இரவும் படுக்கப் போகுமுன் அன்றைய பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. எடிட்டுக்கு ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். மடிக்கணினி தடுமாறினால் சிறிய பிராக்ஸி கோப்புகளை உருவாக்கிக்கொள்ளலாம். இசைப்படத்தின் எடிட்டைத் தொடங்க வேண்டிய இடம் பேட்டி அல்ல, வாசிப்பு. வெட்டாமல் காட்டப்போகும் இரண்டு மூன்று வாசிப்புகளை முதலில் டைம்லைனில் போட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவில் மற்றவற்றைப் பொருத்த வேண்டும். பேச்சிலிருந்து தொடங்கினால் வாசிப்பு எல்லாம் பேச்சுக்குப் பின்னணி இசையாகக் குறுகிவிடும். வாசிப்பவரின் தலைக்கு மேலேயே அவருடைய பேட்டிக் குரலை ஓட்டும் படங்கள் ஏராளம், அது மண்டபத்துக்காரர்கள் செய்வதற்கு அதிக தூரத்தில் இல்லை. சப்டைட்டிலில் ராகத்தின் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் அது ஆலாபனை தொடங்கிச் சற்று நேரம் கழித்து வரட்டும். தெரிந்தவர்களுக்குக் கண்டுபிடிக்கும் சுகத்தைக் கெடுக்க வேண்டாம்.

முடிவான எடிட்டுக்கு முன் படத்தைக் கலைஞருக்குப் போட்டுக் காட்டுவது முறை. ஊர்ப்பெயர், குருவின் பெயர், ராகம், உறவுமுறை எல்லாவற்றிலும் பிழை இருக்கும், அவர் திருத்துவார். வீட்டில் நடந்த ஒரு பேச்சு வெளியே போக வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். அன்றைய சீவாளி சரியில்லை, அந்த வாசிப்பே வேண்டாம் என்றும் சொல்வார். இங்கே இயக்குநர் கொஞ்சம் வாதாடலாம். அவருக்குக் குறையாகக் கேட்பது பல நேரங்களில் கேட்பவருக்கு உயிராகக் கேட்கும்.

நீளம் 40 நிமிடத்துக்குள் நின்றால் ஆஸ்கர் உட்படப் பல இடங்களில் குறும் ஆவணப்படம் என்ற பிரிவில் சேரும். இருபத்தைந்துக்குள் நின்றால் பார்ப்பவர்களும் எழுந்து போகாமல் இருப்பார்கள். மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவும், திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவும் பக்கத்திலேயே இருக்கும் நல்ல வாசல்கள். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படங்களை எடுப்பதில்லை. எனவே யூடியூபில் ஏற்றும் அவசரத்தை விழா விதிகளைப் படிக்கும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் திரையிடல் மட்டும் எங்கும் விண்ணப்பிக்காமலே நடக்கலாம்: கலைஞரின் தெருவில், ஒரு வெள்ளை வேட்டி, வாடகை புரொஜெக்டர், அந்தச் சவுண்ட் சர்வீஸ்காரரின் ஸ்பீக்கர்.

திரையிடலுக்கு வரும்போது, வெட்டாத வாசிப்புப் பதிவுகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கலைஞர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதில் நாற்பது வினாடி ஒன்றை அவர் தனியே வெட்டி வைத்துக்கொள்வார். அடுத்த தை மாதம் பெண் வீட்டார் போன் செய்து, “உங்க வாசிப்பு ஏதாச்சும் இருந்தா வாட்ஸ்அப்ல போடுங்க தம்பி” என்று கேட்கும்போது அனுப்புவதற்கு.